19-18ஐப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்: குறைந்த ஸ்கோர் பாஸ்கெட்பால் ஆட்டத்தைப் படிப்பது எப்படி

வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பழைய என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்) ஸ்கோர் ஒன்றைத் தூக்கிப் போட்டு, 'இதெல்லாம் ஒரு மேட்சா, எங்க தெருப் பசங்க பத்து நிமிஷத்துல இதைத் தாண்டிடுவாங்க' என்று எழுதுவார், கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழும். பெரும்பாலும் அந்த ஸ்கோர் 19-18 ஆகத்தான் இருக்கும். 1950 நவம்பர் 22, மினியாபொலிஸ் ஆடிட்டோரியம், ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் 19, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 18. முழு 48 நிமிட ஆட்டம். என்பிஏ வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஸ்கோர் இதுதான், இன்றைய விதிகள் இருக்கும் வரை இதை யாரும் தொடப்போவதும் இல்லை.

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் ஒருநாள் சும்மா இருந்த நேரத்தில் கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பார்த்தால், அந்த 19 பாயிண்ட் பிஸ்டன்ஸ், 1999ல் 49 பாயிண்ட் எடுத்த சிகாகோ புல்ஸை விடக் குறி தவறாமல் ஷாட் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து குறைந்த ஸ்கோர் எது கண்ணில் பட்டாலும் ஒரே வரிசையில் சோதித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்த வரிசைதான் இது. பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை, கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

முதலில் தேதியைப் பாருங்கள்

ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன்னால் வருடத்தைப் பாருங்கள், எத்தனை நிமிட ஆட்டம் என்று பாருங்கள். இதைச் செய்யாமல் நேராக எண்ணுக்குப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். என்பிஏ 48 நிமிடம், சர்வதேச ஆட்டமும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டமும் 40 நிமிடம். 3x3 என்றால் கதையே வேறு, பத்து நிமிடம் அல்லது 21 பாயிண்ட், எது முந்துகிறதோ அது, சாதாரணக் கூடைக்கு ஒரு பாயிண்ட்தான், அங்கே 17-15 என்பது நல்ல ஸ்கோர்.

வருடம் அதைவிட முக்கியம். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் நடத்திய முதல் ஆட்டமே 1-0. பீச் பழக் கூடை, பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒரே ஒரு ஷாட் உள்ளே போனது. அதை யாரும் மோசமான ஆட்டம் என்று சொல்ல முடியாது, அதற்கு முன்னால் ஆட்டமே கிடையாது. அடுத்து, 1937 வரை அமெரிக்காவில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் எல்லாரும் நடு வட்டத்துக்குத் திரும்பி வந்து ஜம்ப் பால் (நடுவர் மேலே எறியும் பந்தை இருவர் குதித்துத் தட்டுவது) போட வேண்டும். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் இவ்வளவு நேரம் போனால் ஸ்கோர் எங்கிருந்து ஏறும்? அந்தக் காலத்து 25-20ஐ இன்றைய 25-20 போல வாசிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய கோடு 1954. அந்த வருடம்தான் என்பிஏவில் 24 விநாடி ஷாட் கிளாக் வந்தது. அதற்கு முன்னால் பந்து கையில் இருக்கும் டீம் ஷாட் போட்டே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆண்கள் கல்லூரி ஆட்டங்களில் அந்தக் கோடு இன்னும் தள்ளி, 1985-86 சீசனில்தான் நாடு முழுக்க 45 விநாடி கிளாக் வந்தது. சர்வதேச ஆட்டங்களில் 1956ல் 30 விநாடி. உங்கள் ஸ்கோர் அந்தக் கோட்டுக்கு முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, ஷாட்களை எண்ணுங்கள்

குறைந்த ஸ்கோர் இரண்டே வழியில்தான் வரும். ஷாட் போடவே இல்லை, அல்லது போட்டதெல்லாம் வெளியே போனது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும், உள்ளே போனால் சம்பந்தமே இல்லாத இரண்டு ஆட்டங்கள்.

19-18ஐயே எடுத்துக்கொள்வோம். பிஸ்டன்ஸ் போட்டது 13 ஷாட், உள்ளே போனது 4. லேக்கர்ஸ் போட்டது 18, உள்ளே போனது 4. இரண்டு டீமும் சேர்த்து 48 நிமிடத்தில் 31 ஷாட், அதாவது சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ஷாட். இன்றைக்கு ஒரு டீம் மட்டுமே ஒரு ஆட்டத்தில் 85, 90 ஷாட் போடுகிறது. இப்போது சதவீதத்தைப் பாருங்கள், பிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 31. அந்த சீசனில் லீக் முழுவதன் சராசரியே சுமார் 36தான். ஆக, அவர்கள் கை ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, ஷாட் போடக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் கோர்ட்டுக்குள் வந்தார்கள்.

இதன் பக்கத்தில் 1999 ஏப்ரல் 10ஐ வையுங்கள். மயாமி ஹீட் 82, சிகாகோ புல்ஸ் 49. ஷாட் கிளாக் வந்த பிறகு ஒரு டீம் எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர் இது. புல்ஸ் போட்ட ஷாட் 77, உள்ளே போனது 18. 23 சதவீதம் சொச்சம். இவர்களுக்கு வாய்ப்புக்குப் பஞ்சமே இல்லை, ரிங்தான் ஒத்துழைக்கவில்லை. அவர்களின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் அந்த ஜனவரியில் ஓய்வு அறிவித்திருந்தார், பிப்பெனும் ராட்மனும் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனும் போய்விட்டார்கள், பனியன் மட்டும்தான் பழையது. இதில் ஒரு வேடிக்கை, அதற்குப் பத்து மாதம் முன்னால், 1998 ஜூன் 7 அன்று, அதே மைதானத்தில் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் யூட்டா ஜாஸை 54 பாயிண்டில் சுருட்டி 96-54 என்று ஜெயித்ததும் இதே புல்ஸ்தான். அன்று ஜாஸின் 54ல் கார்ல் மலோன் ஒருவர் எடுத்தது 22. மற்ற அத்தனை பேரும் சேர்ந்து 32.

ஷாட் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் இன்னும் சரியாகக் கணக்குப் போட வேண்டுமானால் பொசஷனை எண்ணுங்கள். பந்து ஒருமுறை நம் கைக்கு வந்து எதிராளி கைக்குப் போகும் வரை ஒரு பொசஷன். பாக்ஸ் ஸ்கோரில் அந்த எண் நேரடியாக இருக்காது, ஆனால் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. மொத்த ஷாட் முயற்சி, அதோடு டர்ன்ஓவர் (ஷாட் போடாமலே பந்தை எதிராளியிடம் இழப்பது), அதோடு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட், ஒன்றுக்கு ஒரு பாயிண்ட்) முயற்சியை 0.44ஆல் பெருக்கி வருவது, மூன்றையும் கூட்டி, அதிலிருந்து அஃபென்சிவ் ரீபவுண்டைக் (தவறிய தங்கள் ஷாட்டின் பந்தைத் தாங்களே மறுபடி பிடிப்பது) கழித்துவிடுங்கள். உதாரணத்துக்கு ஒரு கற்பனை டீம் 60 ஷாட், 15 டர்ன்ஓவர், 10 ஃப்ரீ த்ரோ, 12 அஃபென்சிவ் ரீபவுண்டு என்றால் 60, 15, 4.4 கூட்டி 12ஐக் கழிக்க 67 சொச்சம். அவர்கள் எடுத்தது 45 பாயிண்ட் என்றால் ஒரு பொசஷனுக்கு 0.67. ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லாத ஆட்டம், 0.7க்குக் கீழே போனால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது. இந்த 0.44 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எல்லா ஃப்ரீ த்ரோவும் ஒரு பொசஷனை முடிப்பதில்லை, இரண்டு போடும்போது ஒன்றுதான் முடிக்கும், கூடை விழுந்து கூடுதலாக ஒன்று போட்டால் அந்தப் பொசஷன் ஷாட் கணக்கிலேயே வந்துவிட்டது, அதையெல்லாம் சராசரியாக்கி எடுத்த எண் அது. பழைய ஆட்டங்களில் டர்ன்ஓவர், ரீபவுண்டெல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருக்க மாட்டார்கள், அப்போது ஷாட் எண்ணிக்கையோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

மூன்றாவது, ஃப்ரீ த்ரோ எவ்வளவு

இந்த இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். 19-18ல் பிஸ்டன்ஸ் எடுத்த 19ல் 11 பாயிண்ட் ஃப்ரீ த்ரோவில் வந்தது. லேக்கர்ஸின் 18ல் 10. ஒரு டீமின் பாயிண்டில் பாதிக்கு மேல் ஃப்ரீ த்ரோ என்றால் அங்கே பந்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், எதிராளி அதைப் பிடுங்கப் போய் ஃபவுல் செய்திருக்கிறார் என்று கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

லேக்கர்ஸ் பக்கத்தை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அவர்கள் போட்ட நான்கு கூடையையும் போட்டவர் ஜார்ஜ் மைக்கன் ஒருவரே. 208 சென்டிமீட்டர் உயரம், கண்ணாடி, அந்தக் காலத்தின் ராட்சசன். அவர் மொத்தம் 15 பாயிண்ட், மிச்சம் அத்தனை பேரும் சேர்ந்து 3, அதுவும் ஃப்ரீ த்ரோ. பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் மர்ரி மென்டன்ஹால் பந்தைப் பிடித்து வைக்கச் சொன்னதற்குக் காரணமே இந்த மனுஷன்தான். லேக்கர்ஸ் சொந்த மைதானத்தில் 29 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்தார்கள், சாதாரணமாக ஆடினால் தோல்வி நிச்சயம். மைக்கன் கைக்குப் பந்தே போகாமல் பார்த்துக்கொண்டால்? அதைத்தான் செய்தார்கள், வந்திருந்த ஏழாயிரம் பேரும் ஊளையிட்டார்கள்.

இதே நோய்க்கு இன்னொரு முகமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். 1953 மார்ச்சில் பாஸ்டன், சிரக்யூஸ் டீம்களுக்கு நடுவில் நான்கு ஓவர்டைம் (சமநிலையை உடைக்கும் கூடுதல் நேரம்) போன ஒரு பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்று) ஆட்டம், 111-105. பாப் கூசி 50 பாயிண்ட் எடுத்தார், அதில் 30 ஃப்ரீ த்ரோ. ஸ்கோர் பெரிது, ஆனால் ஷாட் கிளாக் இல்லாத அதே காலத்தின் அதே ஃபவுல் கதைதான். ஸ்கோரை மட்டும் பார்த்தால் இரண்டும் உறவுக்காரர்கள் என்று தெரியவே தெரியாது.

நான்காவது, குவார்ட்டர் குவார்ட்டராகப் பிரியுங்கள்

எனக்கு இதில்தான் சுவாரஸ்யம் அதிகம். முழு ஸ்கோர் மறைப்பதை ஹாஃப் டைம் ஸ்கோர் காட்டிக் கொடுத்துவிடும்.

19-18 ஆட்டத்தில் முதல் குவார்ட்டர் பிஸ்டன்ஸ் 8-7. ஹாஃப் டைமில் லேக்கர்ஸ் 13-11 முன்னிலை. மூன்றாவது முடிவில் லேக்கர்ஸ் 17-16. கடைசி குவார்ட்டரில், பன்னிரண்டு நிமிடத்தில், பிஸ்டன்ஸ் 3, லேக்கர்ஸ் 1. இதைப் படித்ததும் படம் வந்துவிடுகிறது. ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கும் டீம்தான் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவசரமே இல்லாமல், நிமிடக்கணக்கில், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது கடைசியில் ஒரே ஒரு கூடை. சில விநாடிகள் மிச்சமிருக்கும்போது அந்த ஒன்றை ரிங்குக்குப் பக்கத்திலிருந்து மைக்கன் தலைக்கு மேலே போட்டவர் லாரி ஃபவுஸ்ட், என்பிஏவில் அவருக்கு அது முதல் சீசன்.

ஆறு வாரம் கழித்து, 1951 ஜனவரி 6, ராச்செஸ்டரில் இன்னொன்று. இண்டியானாபொலிஸ் ஒலிம்பியன்ஸ் 75, ராச்செஸ்டர் ராயல்ஸ் 73. பார்த்தால் சாதாரண ஸ்கோர், உங்கள் கண்ணில் படவே படாது. பிரித்துப் பாருங்கள், 48 நிமிடம் முடிவில் 65-65, அதற்குப் பிறகு ஆறு ஓவர்டைம். முதல் ஓவர்டைமில் ஆளுக்கு 2, இரண்டாவதில் இருவரும் பூஜ்ஜியம், மூன்றாவதில் ஆளுக்கு 2, நான்காவதில் மறுபடி பூஜ்ஜியம், ஐந்தாவதில் ஆளுக்கு 4, ஆறாவதில் 2-0. முப்பது நிமிட ஓவர்டைமில் மொத்தம் 18 பாயிண்ட். ஜம்ப் பாலை எடுத்தவன் ஐந்து நிமிடமும் பந்தை வைத்திருந்து கடைசி ஷாட் ஒன்றைப் போடுவது, அதுதான் திட்டம். 19-18 பிரபலமாகிவிட்டது, இது ஆகவில்லை, எனக்கென்னவோ இதுதான் பெரிய கொடுமை.

கல்லூரி ஆட்டங்களில் இந்தச் சோதனைக்கு 1979 பிப்ரவரி 24 போல ஒன்று கிடைக்காது. டியூக், வட கரோலினா. ஹாஃப் டைம் ஸ்கோர் 7-0. ஆமாம், கரோலினா இருபது நிமிடத்தில் ஒரு பாயிண்ட் கூட எடுக்கவில்லை, பயிற்சியாளர் டீன் ஸ்மித் பந்தைப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டார். இரண்டாவது பாதியில் ஒழுங்காக ஆடினார்கள், அந்தப் பாதி சரியாக 40-40. முடிவு 47-40. அதே பையன்கள், அதே ரிங், அதே நாள். குறைந்த ஸ்கோர் திறமைக் குறைவா, தந்திரமா என்று யாராவது வாதம் செய்தால் இந்த ஒரு ஆட்டத்தைக் காட்டினால் போதும். ஷாட் ரிங்கைக் கூடத் தொடாமல் போனால் ரசிகர்கள் 'ஏர் பால்' என்று கத்துகிறார்களே, அந்தக் கத்தல் தொடங்கியதே அன்றைக்குத்தான் என்றும் சொல்வார்கள்.

நான் பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை ஸ்கோர் ஷீட் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மண் கோர்ட், ஷாட் கிளாக் எல்லாம் கனவில் கூட இல்லை. எங்கள் பி.டி. சார் ஹாஃப் டைமில் இரண்டு பாயிண்ட் முன்னால் இருக்கிறோம் என்று தெரிந்ததும் 'பந்தைக் குடுக்காதீங்கடா, போதும்' என்றார். அடுத்த பதினைந்து நிமிடம் நான் எழுதிய ஒரே வரி ஒரு ஃபவுல். கையில் பேனா வைத்துக்கொண்டு எழுத ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்ததால்தானோ என்னவோ, மினியாபொலிஸில் அன்று ஸ்கோர் எழுதியவர் மேல் எனக்குத் தனிப் பாசம்.

ஐந்தாவது, கை தவறியதென்றால் யார் தவற வைத்தார்கள்

ஷாட் நிறையப் போட்டிருக்கிறார்கள், உள்ளே போகவில்லை என்று முடிவானால் அடுத்த கேள்வி இது. இரண்டு பாயிண்ட் ஷாட்டையும் மூன்று பாயிண்ட் ஷாட்டையும் தனியாகப் பிரியுங்கள். 2011 ஏப்ரலில் ஹூஸ்டனில் நடந்த கல்லூரி இறுதியாட்டம், கனெக்டிகட் 53, பட்லர் 41. பட்லர் 64 ஷாட்டில் 12தான் போட்டார்கள், 19 சதவீதம் கூட இல்லை. சரி, அன்றைக்குக் கையே இல்லை போல என்று தோன்றும். பிரித்தால், மூன்று பாயிண்ட் 33ல் 9, சுமாருக்குக் கீழே, ஆனால் கேவலம் இல்லை. இரண்டு பாயிண்ட் 31ல் 3! தூரத்திலிருந்து போட்டதை விட ரிங்குக்குப் பக்கத்திலிருந்து போட்டது மோசம் என்றால் அங்கே ஒரு சுவர் நின்றிருக்கிறது என்று அர்த்தம், கனெக்டிகட்டின் நெட்டைப் பையன்கள் உள்ளே வந்த எதையும் விடவில்லை. இதுவே தலைகீழாக, உள்ளே ஓரளவு போய் வெளியிலிருந்து மட்டும் போகவில்லை என்றால் அது பெரும்பாலும் கை, அல்லது துரதிர்ஷ்டம்.

சில ஆட்டங்களில் பிரிக்க ஒன்றுமே இருக்காது. 2013 ஜனவரியில் வட இல்லினாய் பல்கலைக்கழகம், கிழக்கு மிச்சிகனுக்கு எதிராக முதல் பாதியில் 31 ஷாட் போட்டு ஒன்றை உள்ளே போட்டது. ஹாஃப் டைமில் 18-4. இதற்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டாம்.

நேரலையில் பார்க்கிறீர்கள் என்றால் இன்னும் சுலபம், ஷாட் போகும்போது ஷாட் கிளாக்கில் எத்தனை விநாடி இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். திரும்பத் திரும்ப மூன்று, நான்கு விநாடியில்தான் ஷாட் போகிறது என்றால் எதிரணி டிஃபென்ஸ் நல்ல ஷாட் எதையும் கொடுக்கவில்லை. பதினைந்து விநாடி இருக்கும்போதே, பக்கத்தில் ஆள் இல்லாமல் போட்டும் வெளியே போகிறது என்றால் வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆறாவது, மழை, களைப்பு, மற்ற சங்கதிகள்

பாக்ஸ் ஸ்கோரில் வராத காரணங்களும் இருக்கின்றன. 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதி, அமெரிக்கா 19, கனடா 8. உள்ளரங்கம் கிடையாது, டென்னிஸ் ஆடும் மணல், களிமண் தரை, அதன் மேல் கொட்டுகிற மழை. பந்து தரையில் பட்டால் எழும்பாது, அங்கேயே சப்பென்று உட்கார்ந்துவிடும், ஆகவே டிரிபிள் என்ற பேச்சுக்கே இடமில்லை, கைக்குக் கை கொடுத்துத்தான் ஆட வேண்டும். முதல் பாதி 15-4, சேறு முற்றிய இரண்டாவது பாதியில் ஆளுக்கு நான்கே நான்கு. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நைஸ்மித் அதை நேரில் பார்த்தார். என்ன நினைத்திருப்பாரோ.

களைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல்ஸ் 49 எடுத்த 1999 சீசன், முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த தகராறில் 32 ஆட்டம் போய், மிச்சம் 50 ஆட்டத்தை மூன்று மாதத்தில் அடைத்து ஆடிய சீசன். 2012 ஜனவரியில் ஒர்லாண்டோ மேஜிக் பாஸ்டனில் 65 ஷாட்டில் 16 போட்டு 56 பாயிண்டில் முடங்கியதும் அதே மாதிரித் தகராறுக்குப் பிறகு நெருக்கி ஆடிய சீசனில்தான். இரண்டு ஆட்டத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் மோசமான ஸ்கோர் ஒன்று கிடைத்தால் அந்த வாரத்து அட்டவணையைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம்.

கடைசியாக, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று தேடுங்கள்

வெறும் மோசமான ஆட்டத்துக்குப் பிறகு எதுவும் மாறாது, ஆட்டக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பந்தைப் பிடித்து வைத்த ஆட்டமென்றால் சீக்கிரமோ தாமதமோ விதி மாறும். 1982 மார்ச்சில் வட கரோலினாவும் வர்ஜீனியாவும் மோதிய ஏசிசி (அவர்கள் ஆடிய கல்லூரி லீக்) இறுதி 47-45, ஒரு பக்கம் ஜோர்டன், வொர்த்தி, இன்னொரு பக்கம் ரால்ஃப் சாம்ப்சன், ஆனால் கடைசி நிமிடங்களில் கரோலினா பந்தைக் கைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த சீசனிலேயே அந்த லீக் 30 விநாடி கிளாக்கைச் சோதித்துப் பார்த்தது. அதற்கு எட்டு வருடம் முன்னால் டென்னசி 11, டெம்பிள் 6 என்று ஒரு முழு ஆட்டமே நடந்திருக்கிறது, அப்போது யாரும் அசையவில்லை. தொலைக்காட்சியில் நாடே பார்க்க வேண்டியிருந்தது போல.

19-18க்குப் பிறகு என்பிஏவுக்கு நான்கு வருடம் பிடித்தது. சிரக்யூஸ் டீமின் முதலாளி டேனி பியாசோன், பார்க்க நன்றாக இருந்த ஆட்டங்களில் ஒரு டீம் சுமார் 60 ஷாட் போடுகிறது என்று பார்த்தார், இரண்டு டீமுக்கும் 120. 48 நிமிடம் என்பது 2880 விநாடி. 2880ஐ 120ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான் அந்த எண்ணின் ரகசியம். கிளாக் வந்த முதல் சீசனிலேயே ஒரு டீமின் சராசரி 79.5லிருந்து 93.1க்கு ஏறியது. அந்த முதல் சீசனிலும் 1955 பிப்ரவரி 27 அன்று பாஸ்டன் 62, மில்வாக்கி ஹாக்ஸ் 57 என்று ஒரு ஆட்டம் இருக்கிறது, கிளாக் வந்த பிறகு இரண்டு டீமும் சேர்த்து எடுத்த மிகக் குறைந்த மொத்தம் அதுதான். மேலே சொன்ன வரிசையை முதலில் அதில் போட்டுப் பழகுங்கள்: கிளாக் ஓடிக்கொண்டிருந்ததால் பந்தைப் பிடித்து வைத்தார்கள் என்ற சாக்கு அங்கே செல்லாது.